இறந்த இடம் என்ற கட்டம்

கீழ்வீட்டு ரீட் அம்மையார் என் தபால்பெட்டியில் ஒரு அட்டையைப் போட்டிருந்தார். கல்யாணப் பத்திரிகை மாதிரி தடித்த, வழவழப்பான அட்டை. அவருடைய கணவர் விம் இறந்துவிட்டார், அடக்கம் செய்யும் நாள்வரை வீட்டு முன்னறையில்தான் இருப்பார், பிற்பகலில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், காபி உண்டு என்று அதில் அச்சிட்டிருந்தது. காபி உண்டு என்பதைக்கூட அச்சடித்திருந்தார்கள். நெதர்லாந்துக்கு வந்து இத்தனை காலமாகியும் இந்த ஊர்க்காரர்கள் என்னைத் திகைக்க வைப்பதை விடவில்லை. உட்ரெக்ட் நகரத்தில் நாங்கள் இருப்பது ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம். எல்லா வீடும் வாடகை வீடு, எல்லாருக்கும் ஒரே ஹவுஸ் ஓனர். ரீட்டும் விம்மும் தரைத்தளத்தில், நானும் கணவரும் மகள் யாழினியும் அவர்களுக்கு நேர் மேலே.

போனேன். முன்னறையில், ஜன்னலோரத்தில், தன் கட்டிலிலேயே விம் படுத்திருந்தார். வழக்கமாகப் போடும் நீல ஸ்வெட்டர். உடம்பு கெடாமலிருக்க முதுகுக்கடியில் ஒரு குளிர்பலகை, அதற்கு ஒரு சின்ன மெஷின், பழைய ஃபிரிட்ஜ் மாதிரி முனகிக்கொண்டிருந்தது. அவர் காலடியில் பூனை. சுற்றிலும் ஆட்கள் கோப்பையும் கேக்குமாக மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாடிப்படியில் இறங்கும்போது மனப்பாடம் செய்த 'ஹெகொண்டோலேர்ட்' என்ற துக்க விசாரிப்பைச் சொல்லி ரீட்டின் கையைப் பிடித்தேன். அதற்கடுத்து என் வாயிலிருந்து வந்தது எனக்கே தெரியாமல் வந்தது. "ஹவுஸ் ஓனர் ஒத்துக்கொண்டாரா?" என்று டச்சில் கேட்டுவிட்டேன்.

ரீட் குழம்பிப்போய் மெஷினைப் பார்த்தார். "சத்தம் மேலே கேட்கிறதா? மன்னித்துக்கொள். குறைத்து வைக்க முடியுமா என்று கேட்கிறேன்" என்றார். நான் பதறினேன். சத்தமில்லை, சத்தமேயில்லை, வாடகை வீட்டில் இவரை இப்படி வைத்திருக்கிறீர்களே, அதற்கு ஓனர் ஒன்றும் சொல்லவில்லையா என்று என் உடைந்த டச்சில் மறுபடி விளக்கினேன். அவர் என்னையே பார்த்தார். "எதற்குச் சொல்ல வேண்டும்? இது எங்கள் வீடு. கல்யாணமான நாளிலிருந்து இங்கேதான் இருக்கிறோம்" என்றார். காபிக் கோப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகையை அடக்குகிறேன் என்று நினைத்து யாரோ ஒரு பெண்மணி முதுகைத் தடவிக்கொடுத்தார். அழுகையில்லை அது. கோபம். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்த கோபம்.

ஊரில் வாடகை வீட்டில் இருக்கும் வாசகர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. சொந்த வீட்டுக்காரர்களுக்காகச் சொல்கிறேன்.

மண்ணூர்பேட்டையில் ஹவுஸ் ஓனர் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக நாலைந்து போர்ஷன். அதில் ஒன்றில் நாங்கள். அப்பா தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் லேத் ஓட்டினார். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, சொந்தக்காரர் வந்தால் தங்கக்கூடாது, கருவாடு வறுக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டித்தான் குடியிருந்தோம். நான் பிளஸ் டூ படிக்கும்போது அம்மாவுக்கு ஈரல் கெட்டுப்போனது. பெரியாஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களைவிட ஹவுஸ் ஓனருக்குச் சீக்கிரம் புரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றார். கத்தவில்லை, திட்டவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. ரொம்பத் தன்மையாகப் பேசினார்.

"தப்பா நெனச்சுக்காதபா. பொண்ணு கல்யாணம் வச்சிகீறேன். சாவு உயுந்த ஊடுன்னு பேரு வந்துட்சின்னா அப்பால எவன் குடி வருவான், நீயே சொல்லு. அதுக்கு ஒன்னு ஆவறதுக்குள்ள உன் மச்சான் ஊட்டாண்ட இட்டுனு பூடு. உனுக்கும் அதான் மருவாதி."

அது என்றது என் அம்மாவை. கதவு திறந்துதான் இருந்தது. ஒரே அறை. அவர் நின்ற இடத்துக்கும் அம்மா படுத்திருந்த பாய்க்கும் நடுவில் ஒரு தண்ணீர்க்குடம்தான் இருந்தது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு "சரிங்க, சரிங்க" என்றார்.

அம்மாவின் அண்ணன் நசரத்பேட்டையில் இருந்தார். குடிசைதான், ஆனால் சொந்தக் குடிசை. மத்தியானம் மாமா ஒரு ஆட்டோவோடு வந்தார். அப்பாவும் அவரும் அம்மாவைப் பெட்ஷீட்டில் சுற்றித் தூக்கிவந்து ஆட்டோவில் மாமாவின் தோளில் சாய்த்து உட்காரவைத்தார்கள். நான் அம்மாவின் காலை மடியில் வைத்துக்கொண்டேன். தம்பி சேகர் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டான். அப்பா சைக்கிளில் பின்னால் வந்தார். "தூங்குறா, எழுப்பாத" என்றார் மாமா. ஆட்டோ முனை திரும்புவதற்குள் ஓனரின் மனைவி மஞ்சள் தண்ணீரை எங்கள் வாசலில் தெளித்ததைத் திரும்பிப் பார்த்தேன். அத்திப்பட்டு, அயனம்பாக்கம் தாண்டி வானகரத்தில் பெரிய ரோட்டைப் பிடிக்கும்போது அம்மாவின் கால் சில்லென்று இருப்பது தெரிந்தது. குளிருகிறதாக்கும் என்று என் தாவணித் தலைப்பால் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே போனேன். நசரத்பேட்டையில் இறக்கிக் கிடத்தியதும் மாமி மாரில் அடித்துக்கொண்டு விழுந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆக, அம்மா இறந்தது வானகரத்துப் பக்கம், ஓடும் ஆட்டோவில். அப்படித்தான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் விமான நிலையத்திலிருந்து பைபாஸ் வழியாக ஆவடிக்குப் போகிற கார் அந்த இடத்தைக் கடக்கும். புதுப் பாலமும் பளபளக்கும் கடைகளும் வந்து இடமே அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

விம்முக்கு ஓய்வு பெற்றபின் ஒரே வேலை, குடும்ப வரலாறு தேடுவது. இங்கே நிறையப் பேருக்கு அந்தப் பைத்தியம் உண்டு. நகர ஆவணக் காப்பகத்தில் போய் உட்கார்ந்து எப்போதோ செத்துப்போனவர்களின் இறப்புப் பதிவுகளைக் கேட்டு வாங்கிப் படிப்பார். யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. ஒருமுறை தன் பாட்டனுக்குப் பாட்டன் ஒருவரின் பதிவை நகலெடுத்துக்கொண்டுவந்து எனக்குப் படித்துக்காட்டினார். கூலிக்காரர், வாடகை அறையில் குடியிருந்தவர். பிற்பகல் நாலு மணிக்கு இன்ன எண்ணுள்ள வீட்டில் இறந்தார் என்றும், பக்கத்து வீட்டு ரொட்டிக்காரர் நேரில் வந்து தெரிவித்தார் என்றும் எழுதியிருந்தது. இல்லாதப்பட்ட கூலிக்காரன் ஒருவனின் சாவுக்கு மணியும் கதவெண்ணும் பக்கத்துவீட்டு சாட்சியும்.

யாழினிக்குப் பிறந்தநாள் பரிசாக எங்கள் குடும்பத்துக்கும் ஒரு மரம் வரைந்து தருகிறேன் என்று விம் ஆரம்பித்தார். என் அம்மாவின் பெயருக்குக் கீழே இரண்டு கட்டம்: பிறந்த இடம், இறந்த இடம். இறந்த இடம் எது என்று கேட்டபோது "வழியில்" என்றேன். சாலை விபத்து என்று புரிந்துகொண்டு அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். திருத்தத் தோன்றவில்லை. ஹவுஸ் ஓனரையும் மஞ்சள் தண்ணீரையும் விளக்குகிற அளவுக்கு என்னிடம் டச்சு இல்லை. பதிவைப் பார்த்துச் சரியாகச் சொல், அதுவரை காலியாக இருக்கட்டும் என்றார். அந்தக் கட்டம் காலியாக இருக்கும்போதே அவர் தன் வீட்டுக் கட்டிலில், பூனை காலடியில் இருக்க, போய்விட்டார். அவரைப் பார்த்துவிட்டு மாடி ஏறும்போதே முடிவுசெய்தேன். என் அம்மாவை வீட்டிலிருந்து கிளப்பி ரோட்டில் சாகவைத்தார்கள் என்பது அரசாங்கத்துக் காகிதத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். சேகர் ஆவடியில் ஒரு வாடகை வீட்டு மாடியில் இருக்கிறான். அப்பா அவனோடுதான். லேத்துத் தூசியோ பீடியோ, நுரையீரல் போய், பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. நான் போய் இறங்கிய அன்றே சேகர் என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டுபோய்த் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"சிலிண்டர் மேல ஏறுறத ஓனரு பாத்துட்டாருக்கா. பெருசுக்கு இன்னான்னு கேட்டாரு. வீசிங்னு சொல்லி வச்சிகீறேன். நீயும் அதையே சொல்லு."

எனக்குச் சுருக்கென்றது. காலம் இவ்வளவு ஓடியும் ஹவுஸ் ஓனர் வந்து நின்று கேட்கிற கேள்வி மட்டும் மாறவில்லை.

முதலில் மண்ணூர்பேட்டைக்கான அலுவலகம். அந்த வருடத்து விவரம் கம்ப்யூட்டரில் இல்லை, பழைய கட்டுகளில் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒரு பெண் ஊழியர் மூக்கைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு பொறுமையாகத்தான் தேடினார். இல்லை. பிறகு நசரத்பேட்டைப் பக்கத்து அலுவலகம். அங்கும் இல்லை. யாரும் பதியவேயில்லை. பதிவதற்கு என்ன தேவை இருந்தது? வீடு இருந்தால் பெயர் மாற்ற வேண்டும், பென்ஷன் இருந்தால் வாங்க வேண்டும். எங்கள் சாவில் யாருக்கும் எதுவும் மாறவில்லை. அதனால் அம்மா அரசாங்கக் கணக்கில் இன்னும் உயிரோடுதான் இருந்தாள், எந்த வீட்டில் என்றுதான் தெரியவில்லை.

இரண்டாவது அலுவலகத்தில் இருந்த அதிகாரி நடுத்தர வயதுக்காரர். தாமதப் பதிவுக்கு மனுக் கொடுக்கலாம், விசாரித்து மேலே அனுப்புவோம் என்று பேனாவைத் திறந்தார். "எங்க இறந்தாங்க?"

"ஆட்டோவுல."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஓடுற வண்டியில இறந்தா, வண்டி மொதல்ல எங்க நின்னுதோ அந்த எல்லையிலதாம்மா பதியணும். எங்க நின்னுச்சு?"

எனக்குத் தெரியவில்லை. வானகரத்தில் நின்றதா, பூந்தமல்லியில் நின்றதா? நான் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா இவ்ளோ சிரமம்? மாமா வீட்டுல இறந்தாங்கன்னு எழுதுங்க. ரெண்டு சாட்சி. முடிஞ்சுது" என்றார். உதவியாகத்தான் சொன்னார்.

"நான் எதுக்குங்க பொய் சொல்லணும்?"

"இத்தினி வருஷம் கழிச்சு இன்னாம்மா பொய்யி, நெஜம்?"

பதில் சொன்னால் சண்டையாகிவிடும் என்று எழுந்து வந்துவிட்டேன். ஆட்டோ எங்கே நின்றது என்று சொல்ல உயிரோடிருப்பது அப்பா ஒருவர்தான். மாமா போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று. சேகருக்கு அன்று விவரம் தெரியாத வயது. அன்று சாயங்காலம் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா, அன்னிக்கு ஆட்டோ மொதல்ல எங்க நின்னுச்சு? நீ பின்னாலதான வந்த?"

மூக்கிலிருந்த குழாயைக் கொஞ்சம் தள்ளிவிட்டு "எதுக்கு?" என்றார். சட்டத்தைச் சொன்னேன். அவர் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மறுபடி குழாயைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

"ஆட்டோல ஒன்னியும் ஆவல. உங்கம்மா ஊட்லயே பூட்டா."

எனக்கு விளங்கவில்லை.

"காலைல அந்தாளு வந்து வாசல்ல பேசிகினு இருந்தான் பாரு. அவன் பேசுறத கேட்டுகினேதான் கெடந்தா. அவன் அப்பால போனதும் திரும்பிப் பாக்கறேன், மூச்சு இல்ல."

"அப்புறம் ஏம்பா சொல்லல?"

"சொன்னா? பொணத்த எந்த ஆட்டோக்காரன் ஏத்துவான்? அந்தாளுக்குத் தெரிஞ்சா ரகளை பண்ணுவான். நீங்க ரெண்டு பேரும் அழுதுட்டீங்கன்னா ஊருக்கே தெரிஞ்சுடும். உங்க மாமாவுக்கு மட்டும்தான் சொன்னேன். தூங்கறான்னு சொல்லி வச்சோம்."

காலையிலிருந்து மத்தியானம்வரை அப்பா செத்துப்போன மனைவியின் பக்கத்தில் விசிறியோடு உட்கார்ந்திருந்திருக்கிறார். ஈ மொய்க்காமல் விசிறியிருக்கிறார். கஞ்சி வைத்துக்கொண்டுபோன என்னைக் கிட்டே விடவில்லை, இப்போது நினைவு வருகிறது. நான் மடியில் வைத்துக்கொண்டு தேய்த்தது பிணத்தின் காலை. அப்பாவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஒரு நிமிடம் அவர்மேல்தான் வந்தது. இவ்வளவு பயமா ஒரு மனிதனுக்கு? ஒரு பாட்டம் அழக்கூட இடம் கேட்டு நிற்பாயா? பிறகு அந்த வற்றிப்போன கையைப் பார்த்தேன். கோபம் தன் பழைய இடத்துக்கே போய்விட்டது.

அதோடு இன்னொன்றும் வந்தது. சொல்லக் கூச்சமாயிருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஒரு குரூரமான சந்தோஷம். நீ என்ன தடுத்தும் என் அம்மா உன் வீட்டில்தானடா செத்தாள், உன் பேச்சு முடிவதற்குள் செத்தாள், உன் பெண்டாட்டி தெளித்த மஞ்சள் தண்ணீருக்கு முன்னாலேயே செத்தாள் என்று அந்த ஆளிடம் கத்த வேண்டும்போல் இருந்தது. அவரும் இன்று இல்லை. போர்ஷனை இடித்து ஃபிளாட் கட்டிவிட்டார்கள். ஆனால் மண்ணூர்பேட்டை இருக்கிறது, கட்டம் இருக்கிறது. சொல்லத் தெரிந்த ஆள் கண்ணெதிரே இருக்கிறார். "இத நீ வந்து அதிகாரிகிட்ட சொல்லணும்பா" என்றேன். தலையாட்டினார்.

மறுநாள் சேகரும் நானும் அவரைக் கைத்தாங்கலாக இறக்கி, காரில் வைத்து அழைத்துப்போனோம். அதே அதிகாரி. விவரம் கேட்டது அவர்தான், மண்ணூர்பேட்டைக்கு அவரே எழுதி அனுப்பிவைப்பார் என்று நினைத்தேன். நாற்காலி போடச்சொல்லி, மரியாதையாகத்தான் நடத்தினார்.

"இப்ப எங்க இருக்கீங்க பெரியவரே? ஆவடியா. சொந்த வீடா?"

"வாடகைங்க."

"விசாரணைக்கு ஆள் வருவாங்க. இந்த மாதிரி ஒரு சாவு சம்பந்தமா அக்கம்பக்கத்துலயும் ஹவுஸ் ஓனர்கிட்டயும் ஒரு வார்த்த கேப்பாங்க. பயப்படாதீங்க. சொல்லுங்க, சம்சாரம் எங்க இறந்தாங்க?"

அப்பா சேகரைப் பார்த்தார். சேகர் தரையைப் பார்த்தான்.

"நசரத்பேட்டைங்க. மச்சான் ஊட்ல."

"அப்பா!"

என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். "ஆமாங்க. மச்சான் ஊட்லதான். பொண்ணு வெளியூர்ல கீது, அதுக்குத் தெரியாது."

"அப்ப அங்கயே விசாரிச்சுக்கறோம், ஆவடிக்கு வரவேண்டியதில்ல" என்று சொல்லி அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுத ஆரம்பித்தார். அப்பாவின் குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. வாழ்நாள் முழுக்க ஹவுஸ் ஓனர்களிடம் பேசிப் பழகிய குரல் அது.

வாசலில் சேகரைப் பிடித்துக்கொண்டேன். நீயாவது சொல்லியிருக்கக்கூடாதா என்று கத்தினேன். அவன் திருப்பிக் கத்தினான். "நீ பிளேன் ஏறிடுவ. விசாரணை கிசாரணைன்னு நாலு பேரு வந்து எங்க ஊட்டு வாசல்ல சாவப் பத்திப் பேசினா, அடுத்த மாசம் நான் சிலிண்டரத் தூக்கிகினு ஊடு தேடணும். நாளைக்கு அப்பாக்கு ஒன்னுன்னா எந்த ஆட்டோவ நான் கூப்புடுவேன், சொல்லு?" யாரும் வீட்டைக் காலிசெய் என்று சொல்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசுவது சுலபம்தான். அதற்காக நியாயம் இல்லையென்றாகிவிடாது. நம் ஊரில் வாடகை கொடுக்கிறவன் குளிக்கலாம், சமைக்கலாம், பிள்ளை பெறலாம், சாகமட்டும் சொந்த இடம் தேடிப் போக வேண்டுமென்றால், அதைக் கேட்டும் ஒருவருக்கும் வெட்கமில்லையென்றால், எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

திரும்பும் வழியில் அப்பா ஜன்னல்பக்கம் சாய்ந்துகொண்டு மெதுவாகக் கேட்டார். "அங்க, உங்க ஊர்ல, வாடகை ஊட்ல செத்தா ஒன்னியும் சொல்ல மாட்டாங்களா?"

விம்மைப் பற்றிச் சொன்னேன். அச்சடித்த அட்டை, முன்னறைக் கட்டில், நீல ஸ்வெட்டர், காலடியில் பூனை, காபி.

"அட்டை அடிச்சா குடுத்தாங்க? கல்யாணத்துக்கு மாரி?"

"ஆமாப்பா."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமாயிற்று. "குடுத்து வச்சவன்" என்றார்.

உட்ரெக்டுக்குத் திரும்பிய சில மாதங்களில் சேகர் சான்றிதழின் படத்தை வாட்ஸப்பில் அனுப்பினான். முத்திரை, கையெழுத்து, எல்லாம் ஒழுங்கு. இறந்த இடம்: நசரத்பேட்டை. கீழே ஒரு கைகூப்பும் பொம்மை போட்டிருந்தான். அதே வாரம் ரீட் மாடியேறி வந்தார். விம்மின் மேஜையைச் சுத்தம் செய்தபோது எங்கள் மரம் கிடைத்ததாம். முடிக்காமல் வைத்திருக்க மனமில்லை, உனக்கு அம்மாவின் இடம் கிடைத்ததா என்று கேட்டார்.

கைபேசி பக்கத்தில்தான் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. "வீட்டில்" என்றேன்.

வீட்டில் என்பதற்கான டச்சுச் சொல்லை "தைஸ்" என்று உச்சரித்துக்கொண்டே எழுதினார். வாடகை வீடா சொந்த வீடா என்று அவர் கேட்கவில்லை. ஊரின் பெயரைக் கேட்டார், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். கதவெண் கேட்டார். எங்கள் போர்ஷனுக்கு எண் கிடையாது. பின்பக்கம், குழாய்க்குப் பக்கத்து அறை என்றேன். அதையும் அப்படியே எழுதிக்கொண்டார்.

அந்தத் தாள் இப்போது எங்கள் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. ஆணி அடிக்க யாரையும் கேட்கவில்லை. இந்தியாவின் பதிவில் என் அம்மா நசரத்பேட்டையில் இறந்தாள். தன் வீட்டில் இறந்தது டச்சில் மட்டும்தான். பக்கத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது, அதன் கீழே ஒரு கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. ஆவடியிலிருந்து போன் வரும்போதெல்லாம் எடுப்பதற்கு முன் அந்தக் கட்டத்தைத்தான் பார்க்கிறேன்.